அன்னம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கதை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அன்னம் மாடிப்படி இறங்கி வந்தால் கல்கத்தா பவானிபூரின் அந்தச் சந்தே நிமிர்ந்து உட்காரும். கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள், காப்பிக் கொட்டையை அரைக்கக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள், ஒன்றுமே வாங்காமல் பெருங்காய டப்பாவை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைப்பவர்கள், எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கல்லாவில் இருக்கும் அவள் புருஷன் அருணாசலம் மட்டும் தலையைத் தூக்க மாட்டார். இனி முக்கால் மணி நேரத்துக்குக் கடை தன்னுடையது இல்லை என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன ஆச்சு பௌதி?" என்று முதலில் கேட்பது எப்போதும் பக்கத்து வீட்டு மினதிதான். பௌதி என்றால் அண்ணி. கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அன்னம் அந்தச் சந்துக்கே அண்ணியாகிவிட்டாள்.

கேட்டவுடனே சொல்லிவிட்டால் அவள் அன்னமே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். தராசுத் தட்டைத் துடைப்பாள். யாரோ கேட்ட கால் கிலோ உளுந்தை நிதானமாக நிறுத்துக் கட்டுவாள். ஜனங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அப்புறம்தான் ஒரு பெருமூச்சோடு, "அதை ஏன் கேக்குறீங்க" என்று தொடங்குவாள். பெங்காலியில்தான் சொல்வாள். இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் வேகத்துக்கு ஒரு குறைச்சலும் கிடையாது.

விஷயம் என்னவென்றால், அந்த எண்பத்தாறாம் வருஷத்தில் கல்கத்தாவில் கரண்ட் என்பது இருந்தால் இருந்தது, போனால் போனது. லோட்ஷெட்டிங் என்ற வார்த்தையைப் பால்குடிக் குழந்தைகூடச் சொல்லும். டிவியில் தொடர் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறக்கப் போவாள், பொசுக்கென்று போய்விடும். சந்து முழுக்க ஒரே குரலாக ஒரு ஐயோ கேட்கும். ஆனால் அருணாசலம் வீட்டில் மட்டும் போகாது. எதிரே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு வந்த லைனில் எப்படியோ இந்த ஒரு வீடும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அங்கேயே வந்து உட்கார்ந்து பார்க்கலாமே என்று கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்பது பெங்காலி வீடுகளில் ஆண்கள் பையோடு மார்க்கெட்டிலிருந்து திரும்பும் நேரம். வந்த மீனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அடுத்த வீட்டு மாடியில் போய் உட்கார எந்த மருமகளால் முடியும்? மீனைக் கழுவி, பொரித்து, குழம்பையும் கொதிக்க விட்டுவிட்டு, பதினொரு மணிக்கு அன்னத்திடம் வந்து நிற்பார்கள்.

அன்னத்துக்கு இந்தி எவ்வளவு தெரியும்? சரக்கு இறக்க வரும் ஆட்களை அதட்டும் அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அதற்காக அவள் ஒன்றும் கவலைப்படவில்லை. "மூஞ்சியப் பாத்தா பேச்சு தெரியாதாக்கும்" என்பாள். பக்கத்தில் மகள் அமலா இருப்பாள். பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிற பெண், இந்தி தெரிந்தவள். கேட்டால் இரண்டு வரி சொல்வாள். மீதியை அன்னமே நிரப்பிக்கொள்வாள்.

நிரப்பிக்கொள்வது மட்டுமா, தீர்ப்பும் சொல்வாள். செவ்வாய்க்கிழமை வந்த போலீஸ் தொடரை இரண்டே வாரத்தில் தள்ளிவிட்டாள். அந்த இன்ஸ்பெக்டரால் நம்ம குடோனில் ஒரு எலியைக்கூடப் பிடிக்க முடியாது என்று அவள் சொன்னதற்கப்புறம் அந்தச் சந்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. சரித்திரத் தொடர் ஒன்று வந்தது. ராணி சிறையில் இருந்தாலும் அவள் புடவை கசங்கவே இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அன்னம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தொடர் வந்ததும் அவள் வாய் அடைத்துப்போனாள். அடைத்துப்போனது என்றால் ஒரு பத்து நிமிஷம்.

அது டெல்லியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய குடும்பத்தின் கதை. மூத்தவருடைய மகள் சுமன். கான்பூரிலிருந்து அத்தை மகன் விநோத் மேல்படிப்புக்காக அந்த வீட்டில் வந்து தங்குகிறான். சுமனுக்கு வளையல் வாங்கித் தருகிறான். சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கிறான். பெண்ணைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று குதிக்கும் மாமாவிடம் அவளுக்காகச் சண்டை போடுகிறான். நடுவில் மூக்குக் கண்ணாடி போட்ட இன்ஜினீயர் ஒருவன் அடிக்கடி வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறான். இவ்வளவு போதாதா? முதல் வாரமே அன்னம் முடிச்சுப் போட்டுவிட்டாள். முறைப்பையன் வீட்டிலேயே இருக்கிறான், பெண்ணும் சிரிக்கிறாள். இந்தக் கண்ணாடிக்காரன் எதற்கு இங்கே? அவள் அகராதியில் அவன் பெயரே கண்ணாடிக்காரன்தான். அவன் திரையில் வந்தாலே, "வந்துட்டான் பாரு, டீ குடிக்க" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வாழ்க்கையே அப்படித்தானே நடந்தது. அருணாசலம் அவளுக்குச் சொந்த அத்தை மகன். கோவில்பட்டியில் பாவாடை கட்டித் திரிந்த நாளிலிருந்தே அத்தான் என்றால் இவர் ஒருவர்தான். கல்கத்தாவில் கடை வைத்திருக்கும் அத்தான் வருஷத்துக்கு ஒரு முறை வருவார், வந்தால் அன்னத்துக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், சோறு இறங்காது. பத்தொன்பது வயதில் அவரைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கியவள், இன்று வரை ஒரு நாள்கூட அதற்கு வருத்தப்பட்டதில்லை. இப்போதும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடும்போது குரல் ஒரு படி இறங்கும்.

ஆகவே அமலா பிறந்த அன்றே விஷயம் முடிந்துவிட்டது. அருணாசலத்தின் அக்கா ஆண்டாள் டாலிகஞ்சில் இருந்தாள். அவளுக்கு ஒற்றைப் பிள்ளை, திருவேங்கடம். இப்போது அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலை. தங்கமான பையன், மாமன் வீட்டில் பாதி வளர்ந்தவன். அவனுக்குத்தான் அமலா. தை மாதம் கல்யாணம், ஐப்பசியில் ஆண்டாள் வந்து பூ வைப்பது என்று பேச்சு. கேட்டபோது அமலா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ம்" என்றாள். அந்த ம்மை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்னத்துக்கு அது ஒரு முள் மாதிரி உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதனால்தான் விநோத் சுமனுக்கு வளையல் போட்டுவிடும்போதெல்லாம் அவள் டிவியைப் பாதியும் மகள் முகத்தைப் பாதியுமாகப் பார்த்தாள். டெல்லியிலேயே இப்படி நடக்கிறது என்றால் பவானிபூரில் நடந்தால் என்ன?

இப்படியே ஆறு வாரம் போயிற்று. கடையில் கூட்டம் கூடியது. விநோத்துக்கு அவள் மேல் உயிர் என்று அன்னம் சொல்வாள், கேட்கிற பெண்கள் கண் கலங்கி ஆமாம் ஆமாம் என்பார்கள். கண்ணாடிக்காரனால்தான் வம்பு வரப்போகிறது என்பாள், சிலர் சந்தேகமாகத் தலையாட்டுவார்கள். அவன் நல்ல பையன் மாதிரிதானே தெரிகிறது என்று மினதி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நல்ல பையன் எதற்கு வாரம் மூன்று தடவை டீ குடிக்கிறான் என்று அன்னம் கேட்டாள். ஒரே கதையைச் சொல்கிறவள் ஒரு விதமாகச் சொல்ல, கேட்கிறவர்கள் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமைக்கு இன்னொரு பாகம் உண்டு. டாலிகஞ்சில் அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் கரண்ட் இருக்காது. ஆண்டாள் அந்த வருஷம்தான் விட்டிருந்த மெட்ரோவில் ஏறி, ஓடும் படிக்கட்டுக்குப் பயந்து கல்படி வழியாகவே மூச்சு வாங்க ஏறி வந்து சேர்வாள். அவளுக்குத் தனியாக, தமிழில், முழுக் கதையும் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரன் மேல் அன்னத்துக்கு இருந்தது வெறும் கோபம். ஆண்டாளுக்கோ கொலைவெறி. "அவன் கால் ஒடிஞ்சு கெடக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியே குடிப்பாள்.

பூஜை விடுமுறை முடிந்த மறு ஞாயிறு வந்தது. அன்று தொடரில் சுமனின் அப்பா விநோத்தைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு ஏதோ ரகசியமாகப் பேசினார். விநோத் முகம் மலர்ந்து சிரித்தான். மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். உள்ளே ஓடி சுமன் காதில் ஏதோ சொன்னான், அவள் வெட்கப்பட்டு ஓடினாள். அதோடு முடிந்தது. அன்னத்துக்குத் தலைகால் புரியவில்லை. அமலாவிடம் என்ன பேசினார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு இரண்டு படியாக இறங்கிக் கடைக்கு வந்தாள். அன்று முந்தானை செருகவில்லை, தராசு துடைக்கவில்லை.

"நிச்சயம் ஆயிருச்சு" என்றாள். விநோத்துக்கும் சுமனுக்கும் கல்யாணம். அந்தக் கண்ணாடிக்காரன் மூஞ்சியில் கரி.

யாரும் கைதட்டவில்லை. காப்பி மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மினதிதான் மெதுவாகக் கேட்டாள். "பௌதி, விநோத் அவளுக்குப் பிஷியின் பையன் என்றுதானே நீங்கள் சொன்னீர்கள்? அப்பாவின் தங்கை மகன்?"

ஆமாம், அதனால்தானே சொல்கிறேன் என்றாள் அன்னம்.

"அப்படியென்றால் அவன் அவளுடைய அண்ணன்."

அவ்வளவுதான், கடை இரண்டுபட்டது. ஒரே நேரத்தில் ஆறு பேர் பேசினார்கள். அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்வதாக எந்த டிவியில் காட்டுவார்கள், சர்க்கார் விடுமா, தலைமேல் வானம் இடியாதா என்று ஒரு பக்கம். அத்தை மகன் எந்த ஊரில் அண்ணன், முதல் உரிமையே அவனுக்குத்தானே, அவனைத் தாண்டி வெளியே கொடுத்தால்தான் எங்கள் பக்கம் மூஞ்சியைத் தூக்குவார்கள் என்று மறு பக்கம் அன்னம் தன்னந்தனியாக. சுமன் அவனை பையா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிறாளே என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ரிக்ஷாக்காரனைக்கூடத்தான் நான் பையா என்கிறேன் என்று அன்னம் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு ரத்தம் சூடேறிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு உற்சாகமாக அவள் சண்டை போட்டதே இல்லை. அந்த வேகத்தில்தான் அந்தக் கடைசி அஸ்திரத்தையும் எடுத்து வீசினாள்.

"என்னத்துக்கு டெல்லி வரைக்கும் போகணும்? கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் அத்தை மகன்தான். என் அமலாவையும் அவள் பிஷியின் பையனுக்குத்தான் கொடுக்கப் போகிறேன். தை மாதம் கல்யாணம். எல்லாரும் வாங்க."

மினதி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை, ஒரு பதற்றம்தான் இருந்தது. "திருவுக்கா?" என்றாள். "என் வீட்டில் பதின்மூன்று வருஷமாக அமலா யாருக்கு ஃபோட்டா வைக்கிறாளோ, அந்தத் திருவுக்கா?"

காளி பூஜைக்கு அடுத்த வளர்பிறைத் துவிதியையில் பெங்காலிகளுக்கு பாய்ஃபோட்டா. அக்கா தங்கைகள் அண்ணன் தம்பியைப் பலகையில் உட்காரவைத்து நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, எமன் இவன் பக்கம் வராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, இனிப்பு ஊட்டும் நாள். அது அன்னத்துக்கும் தெரியும். தெரியும் என்றால், இனிப்பு கொடுக்கும் நாள் என்று தெரியும். மினதிக்கும் ஒரு மகள் உண்டு, அமலாவின் சிநேகிதி. அமலாவுக்கு ஏழு வயதானபோது அவளோடு சேர்ந்து தானும் வைப்பேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்கு அண்ணன் இல்லை. அன்றைக்கு வீட்டில் இருந்தவன் திருவேங்கடம்தான். போய்ச் சந்தேஷ் மிட்டாய் சாப்பிட்டுவிட்டு வாங்கடா என்று இரண்டு பேரையும் அனுப்பி வைத்தவள் சாட்சாத் அன்னம்தான். அதற்கப்புறம் வருஷா வருஷம் சந்தனக் கட்டை இவள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

அன்னம் மாடி ஏறினாள். அருணாசலம் அன்றைக்கு முதல் முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அமலா டிவிப் பெட்டியின் மரக் கதவை மூடிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே போட்ட சத்தம் மாடிக்குக் கேட்காமலா இருக்கும்?

இது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று அன்னம் கேட்டாள். விநோத் அண்ணன் முறைதான், கண்ணாடிக்காரன்தான் மாப்பிள்ளை, முதல் வாரத்திலேயே தெரியும் என்றாள் அமலா.

"பின்ன ஏண்டி சொல்லல? ஊரு முன்னால என்னை உளற விட்டுட்டியே."

"நீ அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டிருந்தம்மா. அது தப்புன்னு நான் சொன்னா, அடுத்ததா என்னைப் பத்திக் கேப்ப. எனக்குப் பயமா இருந்தது."

அன்னம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதைச் செய்வதென்று தெரியவில்லை. உனக்கென்று ஒரு பிள்ளையை அங்கே வளர்த்து வைத்திருந்தால் நீ பொட்டு வைத்து அண்ணனாக்கிவிட்டு வந்திருக்கிறாயே என்று திட்டினாள். அப்புறம் குரலை இறக்கி, அவனைப் பார்த்தால் உனக்கு மனசு படபடவென்று அடிக்காதா என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உன் தம்பியைப் பாத்தா உனக்கு அடிக்குமா?" என்றாள் அமலா. "எனக்குத் திருதா தாதாதாம்மா, அண்ணன்தான். வேற மாதிரி நினைச்சுப் பாத்தேன், வரவே இல்லை. அவனுக்கும் அப்படித்தான். பிஷிகிட்ட சொல்லத் தைரியம் இல்லை."

அத்தையைப் பிஷி என்று சொல்கிற பெண்ணிடம் முறைப்பையன் கதை பேசி என்ன பிரயோஜனம் என்று அன்னத்துக்கு அப்போதுதான் பட்டது. அருணாசலத்திடம் போனாள். அத்தான், உங்கள் அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். அக்கா முன்னால் தனக்கு வாய் வராது என்று அவர் கையை விரித்துவிட்டார். ஊருக்கே கதை சொல்கிறவள் நீதானே, நீயே சொல்லு என்றார்.

ஊருக்கே கதை சொல்கிறவளுக்கு அதற்கப்புறம் வந்த இரண்டு திங்கட்கிழமையும் வாய் வரவில்லை. நடந்த கூத்தைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், கண்ணாடிக்காரன் நல்லவன், அவனுக்குத்தான் சுமன் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை ஆண்டாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், விநோத்துக்கும் சுமனுக்கும் பத்திரிகை அடித்தாயிற்று என்று புளுகினாள். மறு வாரம் மண்டபமே பார்த்துவிட்டாள். கண்ணாடிக்காரன் ஊரை விட்டே போய்விட்டான் என்று கேட்டு ஆண்டாள் இரண்டாவது காப்பி வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, பூ வைக்க நாள் பார்த்தாயிற்று, வளர்பிறைத் துவிதியை, காலண்டரில் நல்ல நாள் என்று போட்டிருக்கிறது என்றாள். தேதியையும் சொன்னாள். அதே தேதிக்குத்தான் மினதி வீட்டில் பாய்ஃபோட்டா இனிப்புக்குத் தேங்காய் துருவத் தொடங்கியிருந்தார்கள் என்பது அன்னத்துக்கு மட்டும் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தாள்.

அந்த நாளும் வந்தது. விடியும்போதே சந்தில் சங்கு ஊதத் தொடங்கிவிட்டார்கள். மிட்டாய்க் கடை வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அன்னம் குளித்துவிட்டு வந்து சந்தனக் கட்டையை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை. தானே உட்கார்ந்து அரைத்தாள். கூடத்தில் கோலம் போட்டு ஒரு பலகையைப் போட்டாள். அமலா கதவோரம் நின்று பார்த்தாள். அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையில் அன்னத்துக்கும் தெரியவில்லை.

எட்டரை மணிக்கு ஆண்டாள் வந்தாள். பட்டுப் புடவை, கையில் பூவும் பழமும் லட்டுமாகத் தாம்பாளம். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு திருவேங்கடம். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பலகையைப் பார்த்ததும், "பொண்ண உக்கார வைக்கவா? நல்லதாப் போச்சு" என்றாள் ஆண்டாள்.

"மதினி, அந்தக் கதையில ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள் அன்னம்.

"சொல்லு சொல்லு. கல்யாணம் ஆயிருச்சா?"

"நான் சொன்னதெல்லாம் பொய், மதினி. விநோத் அவளுக்கு அண்ணன் மாதிரி. அவன்தான் முன்னால நின்னு கண்ணாடிக்காரனுக்குப் பேசி முடிச்சான். முடிச்சுட்டுக் குதிச்சு ஆடுதான்."

ஆண்டாள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். வடக்கத்திக்காரன் அப்படித்தான், நமக்கென்ன, தாம்பாளத்தை வாங்கு என்றாள். அன்னம் கையை நீட்டவில்லை. நீட்டாத கையைப் பார்த்துத்தான் ஆண்டாளின் சிரிப்பு நின்றது.

இனி சுற்றி வளைக்க வழியில்லை. அன்னம் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். மினதி வீடு, ஏழு வயது, பதின்மூன்று வருஷம், பொட்டு, இன்றைக்கு என்ன நாள் என்பது, எல்லாம். தப்பு என் மேல்தான், நான்தான் அனுப்பி வைத்தேன் என்றும் சொன்னாள். ஆண்டாளின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஒரு பெங்காலிப் பொட்டுக்காகவா உறவு விட்டுப் போவுது? அழிச்சா அழிஞ்சு போற பொட்டு" என்று சத்தம் போட்டாள். எங்கள் அப்பா கொடுத்த வாக்கு என்றாள். தம்பியைப் பார்த்து, நீயும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாயே என்றாள். அருணாசலம் சுவரைப் பார்த்தார். கடைசியில் மகன் பக்கம் திரும்பி, "நீ சொல்லுலே. உனக்குமா இவ தங்கச்சி?" என்று கேட்டாள்.

திருவேங்கடம் அமலாவைக் காட்டி, "அவ காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டாம்மா" என்றான். "எனக்குப் பொட்டு வைக்கிற வரைக்கும் குடிக்க மாட்டா. எந்த வருஷமும் குடிச்சதில்ல. காய்ச்சல்ல கெடந்த வருஷமும் குடிக்கல."

அன்னத்துக்கே அது புதிது. வருஷா வருஷம் இந்த நாளில் பெண் காலையில் காப்பி வேண்டாம் என்று சொல்வாள். மினதி வீட்டு இனிப்புக்கு வயிற்றைக் காலியாக வைக்கிறாள் திருட்டுக் கழுதை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?" என்றாள் ஆண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"அவன் நல்லா இருக்கணும்னு, பிஷி" என்றாள் அமலா. "எமன் பக்கத்துல வரக் கூடாதுன்னு."

திருவேங்கடத்துக்கு முன்னால் ஆண்டாள் இரண்டு பிள்ளைகளைப் பெற்றுத் தூக்கிக் கொடுத்தவள். மூன்றாவதாக இவன் தங்கிய நாளிலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கியதில்லை. இருபத்தாறு வயசு ஆண்பிள்ளைக்கு இன்னும் வெள்ளிக்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறவள். அந்தப் பயத்தை இத்தனை காலம் தான் ஒருத்திதான் சுமக்கிறோம் என்று நினைத்திருந்தாள். ஏழு வயதிலிருந்து இன்னொருத்தி அவனுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அவள் அமலாவையே பார்த்தாள். காய்ந்துபோன உதட்டைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மகனின் தோளைப் பிடித்து, "உக்காருலே" என்று பலகையில் அழுத்தி உட்கார வைத்தாள். அன்னம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அமலா சந்தனக் கிண்ணத்தில் இடது சுண்டு விரலைத் தொட்டு அவன் நெற்றியில் மூன்று முறை வைத்தாள். பக்கத்து வீட்டில் அதே நேரத்தில் யாரோ சங்கு ஊதினார்கள்.

பொட்டு வைத்ததும் அமலா திரும்பிப் பார்த்தாள். இனிப்பு கொடுக்க வேண்டும். அன்னம் சந்தனத்தை நினைத்தாள், பலகையை நினைத்தாள், இனிப்பு வாங்க மறந்தே போயிருந்தாள்.

ஆண்டாள் பூ வைக்கக் கொண்டுவந்த தாம்பாளத்தைத் தரையில் இறக்கினாள். அதிலிருந்து ஒரு லட்டை எடுத்து அமலாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத உங்க அண்ணனுக்குக் குடு" என்றாள். "குடுத்துட்டு, நீ மொதல்ல தண்ணி குடி தாயி."